கவிதை படித்துவிட்டு எழுதிப் பழகினால் நகல்தான் வருமா?

கேள்வி, ஜூன் 12

ஒரு கவிதையையோ சிறுகதையையோ படித்துவிட்டு அதை வைத்து ஏதாவது எழுதிப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு வருடமாகச் செய்கிறேன், நோட்டு நிறைந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கத்திலும் நான் இல்லை, நான் படித்தவர்கள்தான் இருக்கிறார்கள். இந்தப் பயிற்சியே நகல் எடுக்கும் வேலை என்று முடிவுக்கு வந்துவிட்டேன். யாருக்காவது வேறு மாதிரி அனுபவம் உண்டா?

ஜூன் 12, இரவு

எனக்கு உண்டு. நகல் வருகிறது என்பது உண்மை. ஆனால் பழியைப் பயிற்சி மேல் போடாதீர்கள். படித்ததிலிருந்து எதை எடுத்துக்கொண்டு எழுத உட்காருகிறோம் என்று பாருங்கள். பெரும்பாலும் நாம் எடுப்பது குரலை. குரல்தான் காதில் ஒட்டிக்கொள்கிறது, எடுப்பதும் சுலபம்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். பிடித்த சிறுகதை ஒன்றின் ஒரே ஒரு பக்கத்தை அப்படியே கையால் பார்த்தெழுதுங்கள். தட்டச்சு வேண்டாம். கண் தாண்டிப் போன இடத்தில் கை நின்றுவிடும். உரையாடலில் ‘என்றான்’, ‘என்றாள்’ எத்தனை முறை வருகிறது, பத்தி எங்கே உடைகிறது, பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் ஏன் சொல்லவில்லை என்பதெல்லாம் எழுதும்போதுதான் தெரியும். வேறெதுவும் தேவையில்லை, ஆறு மாதம் இது போதும்.

ஜூன் 13

நேற்று எழுதியதில் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இது மட்டும் போதாது. என் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பார்த்தெழுதிய காலத்தில் என் சொந்த எழுத்து மோசமாகத்தான் போயிருக்கிறது. ஓர் உதாரணம் தருகிறேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பற்றி அப்போது எழுதியது இது:

‘மேஜையின் மீது அப்பாவின் கண்ணாடி அநாதையாகக் கிடந்தது. அதன் வட்டங்களுக்குள் முடிவற்ற ஒரு சோகம் தேங்கியிருந்தது.’

அநாதை, முடிவற்ற, தேங்கிய. இந்த மூன்று சொல்லும் அப்போது நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த கதைகளில் இருந்தவை. அந்தக் கதைகளில் அவை தங்கள் இடத்தைச் சம்பாதித்துக்கொண்டு வந்த சொற்கள். என் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருக்கின்றன. கண்ணாடி எங்கே? அது எந்தக் கண்ணாடி? இதைப் படித்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்லும் நகல் இதுதான். உங்கள் வருத்தம் புரிகிறது.

இந்தக் கண்ணாடியை மறுபடி மறுபடி எழுதியிருக்கிறேன். மற்ற வடிவங்களைப் பிறகு போடுகிறேன்.

ஜூன் 13, பிற்பகல்

பார்த்தெழுதுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடு இன்னொன்று சேர்க்க வேண்டும். பார்த்தெழுதிய பக்கத்தில் வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். தமிழில் ஒரு வாக்கியத்தை எச்சங்களாலேயே நீட்டிக்கொண்டு போகலாம்: ‘எழுந்து, விளக்கைப் போட்டு, கதவருகே போய், தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.’ முற்று ஒன்றே ஒன்று. அதையே உடைத்தால்: ‘எழுந்தாள். விளக்கைப் போட்டாள். கதவருகே போனாள். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பினாள்.’

முதலாவதில் அவள் இதைத் தினமும் செய்கிறவள். இரண்டாவதில் இன்று ஏதோ நடந்திருக்கிறது. நடந்த காரியம் இரண்டிலும் ஒன்றுதான், பயம் இரண்டாவதில் மட்டும் இருக்கிறது. ஒரு பக்கத்தை எடுத்து எச்சங்களை முற்றாகவும் முற்றுகளை எச்சமாகவும் மாற்றி எழுதிப் பாருங்கள். அந்த எழுத்தாளர் ஏன் அங்கே நிறுத்தினார் என்பது கேட்காமலே புரியும். எனக்கு இதைச் சொல்லித் தர ஆள் இல்லை. மூன்று நான்கு வருடம் கழித்து நானாகக் கண்டுபிடித்தேன்.

ஜூன் 15

இப்போது நான் அதிகம் நம்பும் பயிற்சிக்கு வருகிறேன். இது சங்கக் கவிதையிலிருந்து வந்தது, ஆனால் எதற்கும் பொருந்தும்.

குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு போன்றவற்றில் பாட்டின் அடியில் ஒரு சின்ன உரைநடைக் குறிப்பு இருக்கும். யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னது என்று. நாம் பரீட்சைக்காகப் படித்தபோது அதைத் தாண்டிப் போய்விட்டோம். பாட்டை மூடிவிட்டு அந்தக் குறிப்பை மட்டும் படியுங்கள். அதற்கு நீங்கள் ஒரு பேச்சு எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு பாட்டைத் திறங்கள்.

குறுந்தொகை 40 எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். உங்களுக்கும் இருக்கும், செம்மண்ணில் விழுந்த மழைநீர் வரும் பாட்டு. அதன் குறிப்பை நான் முதல்முறையாகப் படித்தது முப்பது வயதுக்கு மேல். தலைவனும் தலைவியும் கூடிய பிறகு, இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் பயப்படுகிறாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து அவன் சொன்னது அந்தப் பாட்டு. அதாவது இத்தனை நாள் கொண்டாட்டம் என்று நான் நினைத்திருந்தது ஒரு பயத்துக்கான பதில்.

அன்று ஒரு காரியம் செய்தேன். பாட்டு தெரிந்ததுதான் என்றாலும் அதை மறந்தவனாக வைத்துக்கொண்டு, அந்த நிலையில் அவன் என்ன சொல்வான் என்று எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. பக்கம் முழுக்க வாக்குறுதி. விட மாட்டேன், நம்பு, சத்தியம், எந்த நிலையிலும், எப்போதும். பிறகு பாட்டைத் திறந்தேன். அதில் ஒரு வாக்குறுதிகூட இல்லை. மூன்று கேள்வி: உன் தாயும் என் தாயும் யாரோ, உன் தந்தையும் என் தந்தையும் எந்த வழியில் உறவு, நீயும் நானும் ஒருவரையொருவர் எப்படி அறிந்தோம். அப்புறம் மழை. நெஞ்சம் ‘கலந்தன’ என்று நடந்து முடிந்ததைச் சொல்லி நிறுத்திவிடுகிறான். பிரிய மாட்டேன் என்று அவன் சொல்வதே இல்லை. கலந்த நீரை மண்ணிலிருந்து யார் பிரிப்பது?

முப்பது வருடமாக வாயில் இருந்த பாட்டை அன்றுதான் படித்தேன். என் ஒரு பக்கம் குப்பைக்குத்தான் போனது. ஆனால் அதை எழுதாமல் இருந்திருந்தால், பாட்டில் வாக்குறுதி இல்லாதது எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஜூன் 15, இரவு

ஒரு திருத்தம். மேலே ‘முப்பது வருடமாக’ என்று எழுதிவிட்டேன். மனப்பாடம் செய்தது பதினான்கு வயதில், எனவே இருபது வருடத்துக்குக் கீழேதான்.

அந்தக் குறிப்புகளைக் கவிஞர்களே எழுதியதாக யாராவது நினைத்துக்கொள்ளக் கூடாது. அவை பின்னால் தொகுத்தவர்கள், கற்றவர்கள் சேர்த்தவை. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. யாரோ ஒரு வாசகர் பாட்டைப் படித்திருக்கிறார். இதை யார் சொல்லியிருப்பார், யாரிடம், எப்போது, சொல்லும்படி என்ன நடந்தது என்று யோசித்து ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். நாம் பேசிக்கொண்டிருக்கும் பயிற்சியை அந்தக் காலத்திலேயே ஒருவர் செய்துவிட்டார்.

அப்படியென்றால் எதிர்ப்பக்கமும் செய்யலாம். இன்றைய கவிதை ஒன்றை எடுத்து அதன் அடியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ‘மருத்துவமனையிலிருந்து திரும்பிய மகன், அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொல்லியது’ என்பது போல. ஒரே கவிதைக்கு மூன்று குறிப்பு எழுதிப் பாருங்கள். மூன்றில் ஒன்றுதான் பொருந்தும், மற்ற இரண்டையும் கவிதையே தள்ளிவிடும். எந்தச் சொல் தள்ளியது என்று தேடுங்கள்.

ஜூன் 17

சின்னது ஒன்று. குறுந்தொகையில் இயற்பெயர் கிடைக்காத கவிஞர்கள் சிலருக்கு அவர்கள் எழுதிய தொடரையே பெயராக வைத்திருக்கிறார்கள். 40ஐப் பாடியவர் செம்புலப்பெயனீரார். 290, கல்பொரு சிறுநுரையார்: வெள்ளத்தில் பாறையில் மோதி மெல்ல மெல்ல இல்லாமல் போகும் நுரை. 131, ஓரேருழவனார்: ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும், ஏர் ஒன்றுதான் இருக்கிறது. 305, குப்பைக்கோழியார்: குப்பை மேட்டில் தானாகச் சண்டை போடும் கோழிகள், விலக்கிவிட ஆள் இல்லை.

ஒரு கவிதையைப் படித்ததும், இதை எழுதியவரின் பெயர் தொலைந்துபோனால் எந்தத் தொடரால் அழைப்போம் என்று கேளுங்கள். பிறகு அதே கேள்வியை உங்கள் எழுத்திடம் கேளுங்கள். நானும் நண்பர்கள் மூன்று பேரும் ஒரு மாலை முழுக்க இதைச் செய்தோம். ஒருவருக்கு ‘ஈரத்துணிக் கொடியார்’ என்று பெயர் விழுந்தது, அவர் கதைகளில் எப்படியாவது ஒரு துணி காய்ந்துகொண்டிருக்கும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெயரை அவர் இப்போதும் சந்தோஷமாக வைத்திருக்கிறார். என் பக்கங்களைப் புரட்டி மூன்று பேரும் தேடினார்கள், பெயர் வைக்க ஒரு தொடர்கூடக் கிடைக்கவில்லை. அன்று இரவுதான் கண்ணாடியை மறுபடி எழுதினேன்:

‘இடது காதுக் கம்பி சட்டத்தோடு சேரும் இடத்தில் திருகாணி இல்லை. அங்கே கறுப்பு நைலான் நூல். ஏழு சுற்று. பிரியாமல் இருக்க நூலின் நுனியைச் சுட்டிருக்கிறார், நெல்மணி அளவுக்கு உருகித் திரண்டிருக்கிறது.’

கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கடியில் எண்ணி எழுதியது. சோகம் என்ற சொல் இல்லை. முதல் வடிவத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் குறை இருந்தது. அதற்கு வருவேன்.

ஜூன் 20

கட்டுப்பாட்டுப் பயிற்சிகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், ஓர் எழுத்தை விலக்கி எழுதுவது மாதிரி. 1960இல் பிரான்சில் எழுத்தாளர்களும் கணிதக்காரர்களும் சேர்ந்து ஊலிப்போ என்று ஒரு குழு தொடங்கினார்கள். அதில் பிறகு சேர்ந்த ஜார்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாக வரும் ‘e’ எழுத்தே இல்லாமல் ஒரு முழு நாவல் எழுதி 1969இல் வெளியிட்டார். இதைப் படித்துவிட்டு நம்மவர்கள் தமிழில் ஓர் எழுத்தை நீக்கிப் பார்க்கிறார்கள். தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: இதழகல், நிரோட்டம் என்றும் சொல்வார்கள். உதடு ஒட்டாமல் பாடுவது. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் ஓர் அந்தாதி முழுவதையும் அப்படிப் பாடினார். குறள் 341ஐ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டவே ஒட்டாது. துறவு அதிகாரத்தின் முதல் குறள் அது. பற்றை விடச் சொல்லும் இடத்தில் உதடும் எதையும் பற்றுவதில்லை.

நான் எடுத்துக்கொண்ட விதி எளியது. ப, ம இரண்டிலும் உதடு ஒட்டும். வ சொல்லும்போது கீழுதடு மேல்பல்லைத் தொடும். அந்த மூன்று வரிசையும் கூடாது. உதட்டைக் குவிக்கிற எழுத்துகளையும் விலக்கினால் இன்னும் கடினம், அதற்குள் நான் போகவில்லை.

உட்கார்ந்து அரை மணி நேரத்தில் நடந்தவை இவை. அம்மா போய்விட்டாள், அப்பா போய்விட்டார். தம்பியும் போனான். அக்கா, அண்ணன், தங்கை இருக்கிறார்கள். அவன், அவள், அவர் மூன்றும் இல்லை. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய். ‘நாம்’ இல்லை, ‘நாங்கள்’ இருக்கிறது. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் சொல் போய், வெளியே நிறுத்தும் சொல் தங்கிவிட்டது. ‘வா’ சொல்ல முடியாது, ‘போ’ சொல்ல முடியாது, ‘நில்’ சொல்லலாம். ‘ஆம்’ இல்லை, ‘இல்லை’ உண்டு. இதையும் அதையும் சேர்க்கும் ‘உம்’ கிடையாது, எதையும் எதோடும் சேர்க்க முடியவில்லை.

பிறகுதான் பெரிய அடி. கதையில் ‘நாளைக்கு வருவேன்’ என்று எழுதப் போனேன். வருவேன், செய்வேன், படிப்பேன், காண்பேன். நம் மொழியில் எதிர்காலத்தைக் காட்டும் இடைநிலையே ப், வ் இரண்டும்தான். அஃறிணைக்கு வரும் ‘நடக்கும்’, ‘பெய்யும்’ என்பதிலும் ம் நிற்கிறது. எதிர்காலமே போய்விட்டது! இலக்கணத்தில் படித்த சங்கதிதான், ஆனால் அன்று அது கையில் பட்டது.

தாய் தந்தையைக் கூப்பிட முடியாத, ‘நாம்’ என்று சொல்ல முடியாத, ஆம் என்று தலையாட்ட முடியாத, நாளை என்று ஒன்று இல்லாத ஓர் ஆள் மிச்சமாகிறான். நான் யோசித்து உருவாக்கிய பாத்திரம் இல்லை இது, மூன்று எழுத்தை எடுத்ததும் அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அவன் எழுதிய கடிதம் இப்படித் தொடங்கியது:

‘நீ இருந்த அறை. சன்னல் திறந்திருக்கிறது. காற்று தாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. நான் ஒன்றைக்கூடத் தொடாது நிற்கிறேன். நாங்கள் என்று சொல்ல ஆள் இல்லை.’

இது யாருடைய நகல்? எனக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை.

ஜூன் 21

நேற்றையதற்கு இலக்கணம் தெரிந்த ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார், அவர் சொல்வது சரி. பழைய தமிழில் தன்மை ஒருமைக்கு ப், வ் இல்லாத எதிர்கால முற்று உண்டு. செய்கு என்றால் செய்வேன். உண்கு என்றால் உண்பேன். சேறு என்றால் செல்வேன். ஆக எதிர்காலம் முழுவதும் போய்விடவில்லை, பழைய வழி ஒன்று திறந்திருக்கிறது. ஆனால் என் கடிதத்தில் ‘நாளை சேறு’ என்று எழுதினால் படிப்பவர் நாளைக்கு மழை வரும், தெரு சகதியாகும் என்றுதான் நினைத்துக்கொள்வார்!

‘செய்கு’ மட்டும் மனதிலேயே நிற்கிறது. நாளை இல்லாதவன் என்று நான் எழுதி வைத்த ஆளுக்கு, யாரும் பேசாத பழைய சொல்லில் ஒரே ஒரு நாளை மிச்சம் இருக்கிறது. கடிதத்தின் கடைசிச் சொல்லாக அதை வைக்கலாம் என்று பார்க்கிறேன். விளக்கக் குறிப்பு இல்லாமல் வைக்க முடியுமா என்று இன்னும் தெரியவில்லை.

ஜூன் 24

சிறுகதைக்கு ஒரு பயிற்சி. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு முடிவை நீங்கள் எழுதுங்கள். எல்லாருக்கும் தெரிந்த பயிற்சிதான். தெரிந்ததை எப்படிச் செய்கிறோம் என்பதில் ஒரு தப்பு நடக்கிறது. என் முடிவு சிறந்ததா அவருடையது சிறந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அதில் ஒரு பயனும் கிடையாது.

நான் எண்ணிப் பார்க்கிறேன். பதினொரு கதைகளுக்கு இப்படி முடிவு எழுதியிருக்கிறேன். ஒன்பதில் என் முடிவு கதையின் முடிவைவிட நீளம். எட்டில் யாரோ ஒருவர் அழுகிறார் அல்லது அழாமல் இருக்கிறார். ஏழில் பாத்திரத்துக்கு ஏதோ ‘புரிகிறது’. கதைகளின் உண்மையான முடிவுகளில் யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஒருவர் செருப்பைத் தேடுகிறார், ஒருவர் தவறான பேருந்தில் ஏறுகிறார். என் கை எங்கே தானாகப் போகிறது என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிட்டது. இப்போது எந்தக் கதை எழுதினாலும் ‘அவனுக்குப் புரிந்தது’ என்று வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஆள் அடுத்து கையால் என்ன செய்கிறான் என்று பார்க்கிறேன்.

ஜூன் 24, இரவு

அந்தப் பதினொன்றில் இரண்டு கவிதைத்தனமான குட்டிக் கதைகள். அவற்றுக்கு இந்தப் பயிற்சி சரிவரவில்லை. முடிவு என்று தனியாக ஒன்று அவற்றில் இல்லை. எனவே ஒன்பது கதைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீளமாகப் போனது அந்த ஒன்பதும்தான். அழுகையும் புரிதலும் வந்த கதைகளும் அவற்றுக்குள்ளேயே அடக்கம்.

ஜூன் 28

நீளத்தைப் பற்றி. அகப்பாட்டுகளை அந்தக் காலத்தில் அடிக்கணக்கில்தான் பிரித்திருக்கிறார்கள். குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. ஓரிரு விதிவிலக்கு உண்டு. பொருள் ஒன்றுதான்: பிரிவு, காத்திருப்பு, ஊடல். அடி கூடும்போது உள்ளே என்ன வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் நிலம் வருகிறது. வழியில் நிற்கும் மரம், தண்ணீர் தேடும் யானை, யாரோ ஒரு மன்னனின் ஊர். பேசுகிறவரின் துயரம் அதே அளவில்தான் இருக்கிறது, அது கடக்க வேண்டிய இடம் நீள்கிறது.

இதையே பயிற்சியாக நான் செய்தபோது, என் வாழ்க்கையின் ஒரே கணத்தை 6 வரியில், 11 வரியில், 20 வரியில் என்று மூன்று முறை எழுதினேன். என் 20 வரியில் புதிதாக வந்தது எல்லாம் உணர்ச்சிச் சொற்கள். 6 வரியில் ஒரு முறை வருந்தியவன் 20 வரியில் நான்கு முறை வருந்தினான். மறுபடி எழுதினேன், இந்த முறை கூடுதல் வரிகளில் நான் இருக்கவே கூடாது என்று விதி வைத்துக்கொண்டு. படிக்கட்டு வந்தது, படிக்கட்டில் ஓர் எறும்பு வரிசை வந்தது, கீழ்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் வந்தது. வருத்தத்தைச் சொல்லும் வார்த்தை கூடவில்லை, ஆனால் படித்த நண்பருக்குத் தொண்டை அடைத்தது.

ஜூன் 30

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஒரு பயிலரங்குக்குப் போனேன். ஒரு கவிதையைக் கொடுத்து, ‘இதன் உணர்வில் பத்து நிமிடத்தில் ஒரு கவிதை’ என்றார்கள். எல்லாரும் எழுதினோம். நடத்தியவர் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு உணர்ச்சி போதவில்லை, இன்னும் உணர்ச்சி என்றார். என் பக்கத்தில் இருந்த பெண்மணி எழுதியிருந்தது ஒரு குடையின் கைப்பிடியைப் பற்றி, எளிய ஆறு வரி. அதற்கும் அதே பதில். அடுத்த நாள் அவர் வரவில்லை.

ஓர் உணர்வைக் கொடுத்து அதில் எழுதச் சொன்னால் வருவது நகல்தான், வேறு எதுவும் வர வழியில்லை. கேள்வி கேட்டவரின் இரண்டு வருடத்து நோட்டும் இப்படித்தான் நிறைந்திருக்கும் என்று தோன்றுகிறது. கவிதையிடமிருந்து உணர்வை வாங்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள்: யார் பேசுகிறார், யாருக்கு, எதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு. அந்த இடத்தில் நீங்கள் போய் உட்கார்ந்தால் உங்கள் குரல்தான் வரும்.

அந்த ஆறு வரிகளை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இப்போதும் நினைவுக்கு வரும்.

ஜூலை 2

கண்ணாடி. இரண்டாவது வடிவத்தின் குறை என்ன என்று வெகுநாள் பிடிபடவில்லை. பார்த்தது எல்லாம் சரி, எண்ணிக்கை சரி, நூல் சரி. ஆனால் அது ஒரு பட்டியல் மாதிரி நின்றது. குறுந்தொகை 40இன் குறிப்பைப் படித்த பிறகுதான் விளங்கியது. என் பத்தியில் யாரும் யாரிடமும் பேசவில்லை. அதன் அடியில் எழுத ஒரு குறிப்பு இல்லை.

எனவே முதலில் குறிப்பை எழுதினேன்: ‘அப்பாவின் பொருட்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த தங்கைக்கு அண்ணன் சொல்லியது.’ பிறகு பத்தி இப்படி வந்தது:

‘கண்ணாடியை அந்தப் பெட்டியில் போடாதே. மூடியை அழுத்தினால் இடது கம்பி மடங்கும். மடங்கினால் நூல் பிரிந்துவிடும். அவர் ஏழு சுற்று சுற்றியிருக்கிறார். என் பழைய கண்ணாடியில் நானும் சுற்றிப் பார்த்தேன். ஆறுக்கு மேல் வரவில்லை.’

நூல் அதே நூல், ஏழும் அதே ஏழு. எழுதி முடித்து இரண்டு நாள் கழித்துத்தான் நான் அழுதேன்.

ஜூலை 3

கேள்வி கேட்டவர் தன் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பியிருக்கிறார். மாடிப்படியில் விளக்கு அணைந்துபோவதைப் பற்றியது. நகல் என்று அவர் சொன்ன பக்கங்களில் ஒன்று. படித்தேன். மூன்றாவது வரியில் ‘ஒவ்வொரு படியையும் கால் முன்பே அறிந்திருந்தது’ என்று இருக்கிறது. அது உங்களுடையது, அதை விடாதீர்கள். மற்ற வரிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த வரியை யார் யாரிடம் சொல்கிறார் என்று அடியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஒரே நாளில் மூன்று குறிப்பு.

என் பக்கம் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தங்கை என்ன பதில் சொன்னாள் என்று இன்னும் எழுதவில்லை. குறிப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: ‘அது கேட்ட தங்கை, பெட்டியை மூடாமல் வைத்துச் சொல்லியது.’